தோத்தா பழி யார் மேல? ஆட்டக்காரரா, கோச்சா? சென்னையின் எஃப்.சி. கணக்கு சொல்லும் பதில்

மேட்ச் தோத்த மறுநாள் காலையில வடசென்னையில ரெண்டே கட்சிதான். ஒண்ணு, "கோலி வுட்டுட்டாம்பா" கட்சி. இன்னொண்ணு, "கோச்சுக்கு ஒண்ணியும் தெர்ல" கட்சி. ராயபுரம் டீக்கடையில தொடங்குற இந்தச் சண்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஷிஃப்ட் பஸ்ஸுல தொடர்ந்து, ராத்திரி வாட்ஸ்அப் குரூப்புலயும் முடியாது.

பழி போட வேண்டியது தவறவிட்ட ஆட்டக்காரர் மேலயா, அவரை இறக்கிவிட்ட கோச் மேலயா? இது வெறும் டீக்கடைக் கேள்வி மட்டும் இல்லை. கோச்சின் வேலையும், ஒரு பையனின் எதிர்காலமும், சில சமயம் ஒரு அணியின் தலையெழுத்தும் இந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் சொல்றாங்க என்பதைப் பொறுத்துத்தான் மாறுது.

நல்ல வேளையாக, இதைச் சோதித்துப் பார்க்க சென்னையிலேயே ஒரு கேஸ் இருக்கு. சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் விளையாடும் சென்னையின் எஃப்.சி. அணியின் 2017 முதல் 2020 வரையிலான மூன்று சீசன்கள். ஒரே கோச், ரெண்டு விதமான முடிவு. அடுத்து ஒரே அணி, ரெண்டு கோச். விஷயத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லாப் பழியும் ஏன் ரெண்டு பேர் மேலயே விழுது?

காரணம் சிம்பிள். நம்ம கண்ணுக்குத் தெரியுறது அவங்க ரெண்டு பேர்தான்.

ஃபுட்பாலில் ஒரு கோல் விழுவதற்கு முன்னால் பத்து விஷயம் நடந்திருக்கும். நடுக்களத்தில் ஒருத்தர் பந்தை இழந்திருப்பார். இன்னொருத்தர் திரும்பி ஓடி வந்திருக்க மாட்டார். பேக் ஆடுறவர் ரெண்டடி தள்ளி நின்றிருப்பார். ஆனால் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுறது கடைசி ரெண்டு நொடி மட்டும்தான். அதில் கோலி கீழே கிடப்பார். அடுத்த ஷாட்டில் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கிட்டு நிற்கும் கோச்சைக் காட்டுவாங்க. பார்க்கிறவர் மனசில் குற்றவாளிகள் இவங்க ரெண்டு பேரும்தான் என்று பதிஞ்சிடும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் இந்தப் பழி இன்னும் கூர்மையாக ஒரே ஆள் மேல் விழும். அங்கே குவார்ட்டர்பேக் என்று ஓர் இடம் உண்டு. அணி தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறியணும், எப்போ எறியணும் என்று சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அணி ஜெயிச்ச மேட்ச், தோத்த மேட்ச் எண்ணிக்கையைக்கூட அவர் பெயருக்கு எதிரே எழுதி வைக்கிறாங்க. இத்தனைக்கும் அவர் செய்ய வேண்டிய ஆட்டத்தை 1994 முதல் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோ வழியாகக் கோச்சிங் குழுவினர் சொல்லிக்கொடுக்கிறாங்க. அப்போ தப்பு யாருடையது, சொன்னவருடையதா செய்தவருடையதா என்பதுதான் அந்த ஊர் ரசிகர்களின் நிரந்தரச் சண்டை.

அந்தச் சண்டைக்கு ஒரு பெரிய சோதனையும் நடந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியும் கோச் பில் பெலிச்செக்கும் சேர்ந்து 6 சூப்பர் பவுல் பட்டம் வென்றாங்க. பெருமை யாருக்கு என்று இருபது வருஷம் விவாதம். 2020-ல் பிரேடி அணி மாறினார். முதல் சீசனிலேயே டாம்பா பே அணியோடு பட்டம் வென்றார். அதே சீசனில் பெலிச்செக்கின் அணி 7 வெற்றி, 9 தோல்வி. "பார்த்தியா, ஆட்டக்காரர்தான் எல்லாம்" என்று ஒரு கட்சி ஜெயிச்ச மாதிரி இருந்தது. ஆனால் பிரேடி போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே நல்ல ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்த அணி என்று மறு கட்சி பதில் சொன்னது. விவாதம் இன்னும் முடியலை.

வடசென்னைக்கு இது புதுசு இல்லை

கோச்சா, ஆளா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு ஃபுட்பாலுக்கு முன்னாடியே தெரியும். வடசென்னை குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரைகள் இருந்தன. ரிங்கில் இறங்குறது ஒரே ஆள். ஆனால் மானம் போனா வாத்தியாருக்கும் சேர்த்துப் போகும். 2021-ல் பா.ரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' படத்தில் ரங்கன் வாத்தியார் பாத்திரத்தை மக்கள் அவ்வளவு சொந்தமாக எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபுட்பாலும் இங்கே துறைமுகம், ரயில்வே, தொழிற்சாலை ஆகியவற்றோடு சேர்ந்து வளர்ந்த ஆட்டம். சென்னை லீக்கில் துறைமுகம், தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள் ஆடி வந்திருக்கின்றன. அதனால் இந்தப் பக்கத்துப் பையனுக்குப் பந்து என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு நிரந்தர வேலைக்கான வழியும் அதுதான். 'குட்டி பிரேசில்' என்று பெயர் வாங்கிய வியாசர்பாடியிலிருந்து சென்னையின் எஃப்.சி. வரை போன நடுக்கள வீரர் தனபால் கணேஷ் அதற்கு ஒரு உதாரணம். இப்போ சொல்லப்போகும் கதையிலும் அவர் வர்றார்.

சோதனை 1: ஒரே கோச், முதல்ல கோப்பை, அப்புறம் கடைசி இடம்

2017-18 சீசனுக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிரிகோரி சென்னையின் எஃப்.சி. கோச்சாக வந்தார். லீக் சுற்றில் 18 மேட்ச், 32 புள்ளி, ரெண்டாவது இடம். அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையில் 3-0 என்று அடித்தார்கள். ஜெஜே ரெண்டு கோல், தனபால் கணேஷ் ஒரு கோல். 2018 மார்ச் 17-ம் தேதி பெங்களூருவில், பெங்களூரு அணியின் சொந்த மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டி. சுனில் சேத்ரி முதல் கோலைப் போட்டும், மைல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு கோல், ரஃபேல் அகுஸ்டோ ஒரு கோல் என்று திருப்பி அடித்து 3-2 கணக்கில் சென்னை கோப்பையைத் தூக்கியது. 2015-க்குப் பிறகு கிடைத்த ரெண்டாவது ஐ.எஸ்.எல். பட்டம் அது.

அப்போ கேட்டிருந்தால் எல்லாருமே "கோச் சூப்பர்" என்றுதான் சொல்லியிருப்பாங்க.

அடுத்த சீசன் 2018-19. அதே கிரிகோரி. 18 மேட்சில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம். சாம்பியன் அணி ஒரே வருஷத்தில் தரைக்கு வந்தது.

கோச்தான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது? ஒருவர் பன்னிரண்டு மாசத்தில் ஃபுட்பாலை மறந்துபோயிருக்க முடியாது.

மாறியது என்ன என்று பார்த்தால் சில விஷயங்கள் தெரியும்:

• சாம்பியன் அணியின் கேப்டனாகவும் தடுப்பாட்டத்தின் முதுகெலும்பாகவும் இருந்த போர்ச்சுகல் வீரர் ஹென்ரிக் செரெனோ அடுத்த சீசனில் அணியில் இல்லை.

• நடுக்களத்தைக் காத்த தனபால் கணேஷ் காயத்தால் நீண்ட காலம் வெளியே இருந்தார்.

• முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜேவுக்கு அந்த ஐ.எஸ்.எல். சீசனில் கிடைத்தது ஒரே கோல்.

ஜெஜேவின் வறட்சி மட்டும்தான் கேலரியிலிருந்து நேரடியாகத் தெரிந்த விஷயம். அதனால் திட்டும் அவருக்குத்தான் அதிகம். ஆனால் ஃபார்வர்டுக்குப் பந்து வந்து சேருவதே நடுக்களத்திலிருந்துதான். பின்னால் ஒரு தூணும் நடுவில் ஒரு தூணும் போன வீட்டில், ஜன்னல் சரியில்லை என்று சண்டை போட்ட மாதிரிதான் அது.

இங்கே கோச்சுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கு. போனவங்களுக்குப் பதிலாகச் சரியான ஆளைக் கொண்டுவர்ற பேச்சில் கோச்சுக்கும் இடம் உண்டு. ஆனால் காசு கொடுத்து ஒப்பந்தம் போடுவது கோச் இல்லை, நிர்வாகம். ஸ்கோர்போர்டில் இந்தப் பங்குப் பிரிவினை தெரியாது.

சோதனை 2: ஒரே டீம், ரெண்டு கோச்

கிரிகோரி மேல் நிர்வாகம் நம்பிக்கை வைத்து 2019-20 சீசனையும் கொடுத்தது. முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. மூணு தோல்வி, ஒரு டிரா. அஞ்சாவது மேட்சில் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றாங்க. ஆறாவதில் ஒடிசாவோடு 2-2 டிரா. 6 மேட்சில் 5 புள்ளி. நவம்பர் கடைசியில் கிரிகோரி விலகினார்.

டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். நெரியுஸ் வால்ஸ்கிஸும் ரஃபேல் கிரிவெலாரோவும் முன்னாடியே அணியில் இருந்தவங்கதான். ஆனால் மீதி 12 மேட்சில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 புள்ளி. மொத்தம் 29 புள்ளியோடு நாலாவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தாங்க.

அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று வென்று, கோவாவில் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று இறுதிக்குப் போனாங்க. 2020 மார்ச் 14-ம் தேதி கொரோனா காரணமாக ரசிகர்கள் இல்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஏ.டி.கே. அணியிடம் 1-3 என்று தோற்றாங்க. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வென்றார்.

ஒரு மேட்சுக்குச் சராசரியாக 0.83 புள்ளியிலிருந்து 2 புள்ளி. இதைப் பார்த்தால் "கோச்தான்பா எல்லாம்" கட்சிக்குத்தான் வெற்றி மாதிரி தெரியும்.

கொஞ்சம் பொறுங்க, அட்டவணையையும் பார்க்கணும்

கிரிகோரி அந்த ஆறு மேட்சில் தோத்தது யார் யாரிடம்? கோவா, ஏ.டி.கே., பெங்களூரு. சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதல் மூணு இடம் பிடித்தது இதே மூணு அணிகள்தான். அதாவது அவருக்கு விழுந்தது அந்த வருஷத்தின் மிகக் கஷ்டமான வினாத்தாள்.

அதே மூணு அணிகளோடு லீக் சுற்றில் கோய்ல் என்ன செய்தார்? கோவாவிடம் 3-4 தோல்வி, பெங்களூருவோடு 0-0 டிரா, ஏ.டி.கே.யை அவங்க ஊரிலேயே 3-1 என்று வெற்றி. 3 மேட்சில் 4 புள்ளி. கிரிகோரிக்குக் கிடைத்தது பூஜ்யம். ஆக, கோய்ல் வந்ததால் உண்மையிலேயே முன்னேற்றம் உண்டு. ஆனால் 0.83-க்கும் 2-க்கும் இடையிலான வித்தியாசம் முழுவதையும் கோச் கணக்கில் எழுத முடியாது. ஒரு பங்கு அட்டவணை கொடுத்தது.

கோய்ல் அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22-ல் லீக் ஷீல்டு வென்றார். 2023-ல் மறுபடி சென்னைக்கு வந்தார். முதல் சீசனில் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் வரை போனாங்க. அடுத்த சீசனான 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம். 2020-ல் மந்திரம் போட்ட அதே ஆள், அதே ஊர், அதே மைதானம். மந்திரம் மட்டும் வேலை செய்யலை. 2025-ல் அவரும் விலகினார்.

கிரிகோரி கதையும் கோய்ல் கதையும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருது. கோச்சால் வித்தியாசம் கொண்டுவர முடியும். ஆனால் கையில் கொடுத்த ஆட்களை வைத்துத்தான், அந்த அளவுக்குத்தான்.

கோச்சை மாத்தினதும் டீம் ஏன் ஜெயிக்குது?

உலகம் பூரா ரசிகர்கள் நம்புற விஷயம் இது. புது கோச் வந்தார், டீம் ஜெயிச்சது, அப்போ பழைய கோச் சரியில்லை.

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் இதைச் சோதித்தார். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் கணக்குகளை எடுத்து, கோச்சை நீக்கிய அணிகளையும், அதே மாதிரி தொடர்ந்து தோத்தும் கோச்சை நீக்காத அணிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நீக்கிய அணிகள் மீண்டு வந்தன. நீக்காத அணிகளும் மீண்டு வந்தன. கோச்சை நீக்கியதால் மட்டும் கூடுதலாகப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

இது எப்படி? ஒரு நிர்வாகம் கோச்சை எப்போ நீக்கும்? அணி ரொம்ப மோசமான நிலையில் இருக்கும்போது. ரொம்ப மோசமான நிலை என்பது கொஞ்சம் திறமைக் குறைவும் கொஞ்சம் கெட்ட நேரமும் சேர்ந்தது. போஸ்ட்டில் பட்டுத் திரும்பின பந்து, ரெஃப்ரி தராத பெனால்ட்டி, ஒரே வாரத்தில் வந்த மூணு காயம். கெட்ட நேரம் எப்படியும் ஒருநாள் முடியும். அது முடியுற நேரத்தில் யார் கோச்சாக இருக்காரோ அவருக்கு மாலை விழும். காய்ச்சல் மூணாவது நாள் தானாகக் குறையும்போது, அன்னைக்குக் குடிச்ச கஷாயத்துக்குப் பேர் கிடைக்கிற மாதிரி.

கோலி மேல் போடுற பழி ஆட்டத்தையே மாத்தும்

ஆட்டக்காரர்கள் பக்கம் வருவோம். இதில் அதிகம் அடி வாங்குறது கோலிதான். ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணாக்கிட்டு ஒண்ணை அடித்தால் ஹீரோ. கோலி பத்தைப் பிடிச்சிட்டு ஒண்ணை விட்டால் வில்லன்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம், வியாசர்பாடி பையன்கள் உயிரை விடும் பிரேசிலிலேயே இருக்கு. 1950 ஜூலை 16-ம் தேதி ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் 1-2 என்று தோற்று உலகக் கோப்பையை இழந்தது. கிக்ஜியா அடித்த ரெண்டாவது கோலுக்குக் கோலி மொவாசிர் பார்போசா மேல் பழி விழுந்தது. 2000-ல் அவர் இறக்கும் வரை, ஐம்பது வருஷம், அந்தப் பழி அவரை விடவே இல்லை. அன்னைக்கு மைதானத்தில் பிரேசிலுக்காக இன்னும் பத்து பேர் இருந்தாங்க என்பது யாருக்கும் நினைவில்லாமல் போச்சு.

பழிக்குப் பயந்தால் ஆட்டக்காரர் என்ன செய்வார் என்பதற்கு ஓர் இஸ்ரேல் ஆய்வுக் குழுவின் கணக்கு இருக்கு. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் 286 பெனால்ட்டிகளைப் பார்த்தாங்க. அடிச்சதில் சுமார் 29 சதவீதம் கோலின் நடுப்பகுதிக்கு வந்தது. ஆனால் கோலிகள் நடுவில் அசையாமல் நின்றது வெறும் 6 சதவீதம்தான். நடுவில் நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணக்குச் சொல்லுது. இருந்தும் இடமோ வலமோ பாயறாங்க.

ஏன்? பாய்ஞ்சு கோல் விழுந்தால் "முயற்சி பண்ணாரு" என்பாங்க. நின்னு கோல் விழுந்தால் "மரம் மாதிரி நின்னான் பாரு" என்பாங்க. தடுப்பதைவிடத் திட்டு வாங்காமல் இருப்பது முக்கியமாகிடுது. கோச்சுக்கும் இதேதான். வேலை போயிடும் என்ற பயத்தில் இருக்குற கோச், 18 வயசுப் பையனை இறக்கிப் பார்க்க மாட்டார். பழகின பெரிய பெயரையே இறக்குவார். அவர் தோத்தால் யாரும் "ஏன் இறக்கினே" என்று கேட்க மாட்டாங்க. வாய்ப்பை இழக்கிறது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் லோக்கல் பையன்தான்.

அப்போ சரியா எப்படித்தான் திட்டுறது?

ரசிகர் கேள்வி கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லலை. காசு கொடுத்து, ஷிஃப்ட் மாத்தி, பஸ் பிடிச்சு வந்து பார்க்கிறவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. அடுத்த தோல்விக்குப் பிறகு இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் கோபம் சரியான விலாசத்துக்குப் போகும்.

1. கோலுக்கு முன்னாடி 15 நொடி என்ன நடந்தது? ஹைலைட்ஸைக் கடைசி ஷாட்டிலிருந்து பார்க்காமல், பந்து எங்கே கைமாறினது என்பதிலிருந்து பாருங்க. பாதி நேரம் குற்றவாளி மாறிடுவார்.

2. ஒரு தடவை நடந்ததா, தொடர்ந்து நடக்குதா? ஒரு கோலி ஒரு கிராஸைத் தவறவிட்டால் அது அவர் தப்பு. அஞ்சு மேட்சில் அஞ்சு கார்னரில் கோல் விழுந்தால், கார்னருக்கு யார் எங்கே நிற்கணும் என்று ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தவரைக் கேட்கணும். திரும்பத் திரும்ப வரும் ஒரே தப்பு பெரும்பாலும் கோச்சிங் தப்பு.

3. வாய்ப்பு உருவாச்சா? இப்போ பல ஸ்கோர் ஆப்பிலும் 'எக்ஸ்-ஜி' என்று ஒரு எண் வருது. ஒரு இடத்திலிருந்து அடிக்கும் ஷாட் கோல் ஆக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு அது. பெனால்ட்டி என்றால் நாலில் மூணு கோலாகும் என்பதால் அதன் மதிப்பு முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு அணியின் எக்ஸ்-ஜி 2-ஐத் தாண்டியும் கோல் இல்லை என்றால் திட்டம் சரி, முடிக்கிறதில்தான் கோளாறு அல்லது கெட்ட நேரம். எக்ஸ்-ஜி அரையைக்கூடத் தாண்டலை என்றால் ஃபார்வர்டைத் திட்டிப் புண்ணியமில்லை.

4. கோச் கையில் என்ன இருந்தது? ஃபுட்பாலில் கிரிக்கெட் மாதிரி ஓவருக்கு ஓவர் ஆள் அனுப்பிச் சொல்ல முடியாது. டைம்-அவுட்டும் கிடையாது. விசில் அடிச்ச பிறகு கோச்சிடம் இருப்பது இடைவேளைப் பேச்சும் மாற்று ஆட்டக்காரர்களும்தான். அந்த மாற்று ஆள் பெஞ்சிலேயே இல்லை என்றால், கேள்வி அணியைச் சேர்த்த நிர்வாகத்துக்குப் போகணும்.

சண்டையில் பெயரே வராத மூணாவது ஆள்

கோலியும் கோச்சும் அடி வாங்கிக்கிட்டிருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் தப்பிச்சுக்கிறார். முடிவெடுக்கிற மேசைக்குப் பின்னால் இருக்குறவர்.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. இந்திய ஃபுட்பால் சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிய இருந்தது. புதுப்பிப்பதில் தெளிவு இல்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. எந்தக் கோலியும் கோல் விடலை, எந்தக் கோச்சும் தப்பான ஆளை இறக்கலை. ஆனால் 2018-ல் கோப்பை தூக்கிய கிளப்பின் ஆட்டக்காரர்கள் சீசன் நடக்குமா என்று தெரியாமல் காத்திருந்தாங்க. 13 தோல்விக்கு எழுந்த சத்தத்தில் கால்வாசிகூட இதற்கு எழவில்லை.

இன்னும் கீழே, தெரு அளவுக்கு வந்தாலும் இதே கதைதான். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன்னுடைய 9 செயற்கைப் புல் ஃபுட்பால் மைதானங்களைத் தனியாரிடம் கொடுக்கவும், ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கவும் தீர்மானம் போட்டது. கணக்குப் போட்டுப் பாருங்க. அணிக்கு ஏழு பேர் வீதம் செவன்ஸ் ஆட 14 பேர் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவின் பையனும் கன்டெய்னர் லாரி ஓட்டுறவர் பையனும் எத்தனை நாள் கொடுக்க முடியும்?

கடும் எதிர்ப்பு வந்ததும் மாநகராட்சி அந்த முடிவைக் கைவிட்டது. அதைச் சாதித்தது ரசிகர்கள், ஆட்டக்காரர்கள், அரசியல் கட்சிகள் எல்லாரும் சேர்ந்து எழுப்பிய குரல். கோபம் சரியான விலாசத்துக்குப் போனால் அதற்குப் பலன் உண்டு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

சுருக்கமாக

• 2017-18-ல் சாம்பியன், 2018-19-ல் கடைசி: ரெண்டுக்கும் கோச் ஜான் கிரிகோரிதான்.

• 2019-20-ல் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். கிரிகோரியிடம் 6 மேட்சில் 5 புள்ளி, கோய்லிடம் 12 மேட்சில் 24 புள்ளி. வித்தியாசத்தில் ஒரு பங்கு கோச்சுடையது, ஒரு பங்கு அட்டவணையுடையது.

• அதே கோய்ல் 2024-25-ல் 11-வது இடம்.

• கோச்சை நீக்கினாலும் நீக்காவிட்டாலும் தொடர் தோல்வியிலிருந்து அணிகள் மீண்டு வருவதை டச்சு லீக் கணக்கு காட்டுது.

• ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் கோச்சைக் கேளுங்க. ஒருமுறை வந்தால் ஆட்டக்காரரை மன்னிங்க. பெஞ்சே காலியாக இருந்தால் நிர்வாகத்தைக் கேளுங்க.

அடுத்த தோல்வி எப்படியும் வரும். மறுநாள் டீக்கடையில் ரெண்டு கட்சியும் திரும்பக் கூடும். அப்போ "கோலி வுட்டுட்டாம்பா" என்று யாராவது தொடங்கினால், "அதுக்கு முன்னாடி நடுவுல பந்தை வுட்டது யாரு?" என்று ஒருத்தர் கேட்டாலே போதும். அந்தச் சண்டை அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஃபுட்பாலைப் பற்றியதாக இருக்கும்.